ஷாக் சாரின் பலகை

பல்பு எரியவில்லை.

"எரிடா!" என்றார் அறிவியல் ஆசிரியர், பல்பைப் பார்த்து. பல்பு என்ன மாணவனா, பயப்படுவதற்கு? அது பாட்டுக்கு இருந்தது.

காலை ஏழரை மணி. பள்ளிக்கூடத்தில் அவரையும் வாட்ச்மேனையும் தவிர ஆள் நடமாட்டம் இல்லை. ஆய்வக மேசைமேல் அவருடைய பலகை கிடந்தது. ஒரு முழ நீளத்தில் மரப்பலகை. ஒரு ஓரத்தில் இரண்டு செல் போடும் பெட்டி, நடுவில் பல்பு மாட்டும் குழி, மறு ஓரத்தில் எதிரெதிராக இரண்டு பித்தளைக் கிளிப்புகள். கிளிப்புகளுக்கு நடுவே இரும்பு ஆணியை வைத்தால் பல்பு எரியும். அழிரப்பரை வைத்தால் எரியாது. எந்தப் பொருளில் மின்சாரம் போகும், எதில் போகாது என்பதைப் பதினோரு வருஷமாக அந்தப் பலகைதான் பிள்ளைகளுக்குக் காட்டி வந்தது. அவரே ரம்பம் பிடித்து அறுத்து, அவரே ஆணி அடித்து, நடுவில் கட்டைவிரலிலும் ஒன்று போட்டுக்கொண்டு செய்தது.

இப்போது ஆணியை வைத்தாலும் எரியவில்லை. செம்புத் தகட்டை வைத்தாலும் எரியவில்லை. கிளிப்புகள் இரண்டையும் நேருக்கு நேர் முட்டவிட்டாலும் எரியவில்லை.

"இத்தனை நாள் எரிஞ்ச சனியன், இன்னிக்குன்னு பார்த்து என் மானத்தை வாங்குது!"

இன்றைக்குக் கல்வி அதிகாரி வருகிறார். வந்து இரண்டாவது பீரியடில் இதே ஆய்வகத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டு, இந்த அறை ஆய்வகமாகவே இருக்க வேண்டுமா, அல்லது ஆசிரியர்களின் ஓய்வறையாக மாற வேண்டுமா என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறார். ஓய்வறை யோசனை கணக்கு ஆசிரியருடையது. அவருக்கு முதுகுவலி. சோபா போட்டால் குறையுமாம். நாலு வருஷமாக மனுமேல் மனு எழுதி அந்த சோபாவை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார் அறிவியல் ஆசிரியர். "படிக்கிற பிள்ளைக்கு ஒரு ரூம் கிடையாது, படுக்கிற வாத்தியாருக்கு ரூமா?" என்று ஆசிரியர் கூட்டத்திலேயே மேசையைத் தட்டிக் கேட்டவர். தட்டியதில் தலைமை ஆசிரியையின் காபி கொட்டியது. அதிலிருந்து அந்த அம்மாவும் சோபா கட்சி.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஷாக் சார். மின்சாரம் நடத்துவதால் வந்த பெயர் இல்லை அது. தொட்டால் தூக்கி எறிவதால் வந்தது.

போன வெள்ளிக்கிழமைகூட பலகை ஒழுங்காகத்தான் எரிந்தது. அன்றைக்கு அவருடைய கோபம் வேறு விஷயத்தில். ஆணியில் துரு. தகட்டில் களிம்பு. அட்டெண்டரைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பிடிபிடியென்று பிடித்தார்.

"என்னய்யா ரூம் இது? குப்பைத் தொட்டியா? செவ்வாய்க்கிழமை அதிகாரி வர்றப்ப இங்க ஒரு பொட்டு துரு என் கண்ணுல படக்கூடாது. ஒவ்வொரு சாமானும் கண்ணாடி மாதிரி மின்னணும்!"

"ஒவ்வொரு சாமானுமா சார்?"

"காது கேக்கலையா? ஒவ்வொண்ணும்!"

அட்டெண்டர் சாவியை வாங்கிக்கொண்டு போனார். சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் அறைக்குள்ளேயே கிடந்தார். ஷாக் சார் அந்த மூன்று நாளும் ஜலதோஷத்தில் மூக்கடைத்து வீட்டில் படுத்துவிட்டு, இன்று காலைதான் வந்தார். ஆய்வகம் பளபளவென்று இருந்தது. அதைப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? பல்புதான் எரியவில்லையே.

முதல் சந்தேகம் பல்பின்மேல். வாட்ச்மேனிடம் பழைய டார்ச் ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. வாசலுக்கு ஓடினார்.

"டார்ச்சைக் குடுங்க."

"பகல்ல எதுக்கு சார் டார்ச்?"

"எல்லாத்துக்கும் காரணம் சொல்லிட்டுதான் வாங்கணுமா?"

டார்ச்சின் தலையைத் திருகி, பல்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு, டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தார். பலகையில் டார்ச் பல்பு ஏறியது. எரியவில்லை.

அடுத்த சந்தேகம் ஒயரின்மேல். பதினோரு வருஷத்து ஒயர், உள்ளே அறுந்திருக்கலாம். புது ஒயருக்கு எங்கே போவது? மைதானத்தில் வரவேற்புக்காக மைக் கட்டி வைத்திருந்தார்கள். மைக்கிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டி வரைக்கும் தாராளமாகப் பதினைந்து அடி ஒயர் புல்லில் சுருண்டு கிடந்தது. ஒரு முழம் போனால் யாருக்குத் தெரியப் போகிறது? வெட்டினார். வெட்டியதைக் கொண்டுவந்து முனைகளைப் பல்லால் கடித்து உரித்து, பலகையின் திருகாணிகளில் சுற்றினார்.

எரியவில்லை.

"இருபது வருஷம் பாடம் நடத்தினவனுக்கு ஒரு பல்பை எரிய வைக்கத் தெரியலையா!" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அவர் கோபத்துக்கு ஆள் பேதமே கிடையாது.

ஒன்பதரைக்கு அதிகாரி வந்து இறங்கினார். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தலைமை ஆசிரியை மைக்கைத் தட்டினார், ஊதினார், மறுபடி தட்டினார். சத்தம் வரவில்லை. ஐந்நூறு பிள்ளைகளுக்கும் கேட்க வேண்டும், அதிகாரியும் மகிழ வேண்டும். வேறு வழி? அந்த அம்மா வரவேற்புரை நாலு பக்கத்தையும் தொண்டை கிழியக் கத்தியே படித்தார். கடைசிப் பக்கத்தில் "நன்றி" என்று வாயைத் திறந்தபோது காற்று மட்டும்தான் வந்தது. அன்றைக்கு அதற்குப் பிறகு அவருக்குக் குரலே எழவில்லை.

கடைசி வரிசையில் நின்ற ஷாக் சார், பாக்கெட்டில் இருந்த கத்தரிக்கோலை இன்னும் ஆழமாக அமுக்கினார்.

அடுத்து அதிகாரி ஸ்டோர் ரூமைப் பார்க்க வேண்டும் என்றார். சோபா போட வேறு இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான். நியாயமான மனிதர். உடைந்த பெஞ்சுகள் அடைந்து கிடக்கும் இருட்டறை அது. தலைமை ஆசிரியை ஜாடை காட்ட, வாட்ச்மேன் டார்ச்சோடு ஓடி வந்தார். பட்டனை அமுக்கினார், உதறினார், உள்ளங்கையில் தட்டினார்.

"காலையில சார்தான் வாங்கிப் பார்த்தாரு. அதுலேர்ந்து எரியல" என்றார் அப்பாவியாக. நல்லவேளை, எந்த சார் என்று யாரும் கேட்கவில்லை.

"பரவாயில்ல, நான் பார்த்துக்கறேன்" என்று அதிகாரி இருட்டில் கால் வைத்தார். உள்ளே மடாரென்று ஒரு சத்தம். பின்னாலேயே "அம்மா!" என்று இன்னொன்று. பெஞ்சுக் கால் முழங்காலுக்குக் கீழே எலும்பைப் பதம் பார்த்துவிட்டது. நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். ஸ்டோர் ரூமில் இடம் இருந்ததா என்பதை அதற்குப் பிறகு அவரிடம் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

இந்த நேரத்தில் ஷாக் சார் தலைமை ஆசிரியையின் அறையில் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். மிச்சம் இருந்த சந்தேகம் செல்லின்மேல். சுவரில் தொங்கிய பெரிய கடிகாரத்தின் முதுகில் இரண்டு புது செல் இருப்பது அவருக்குத் தெரியும். எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினார். இரண்டாவது பீரியட் மணி அடித்து இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. கடிகாரம் பத்து பன்னிரண்டில் நின்றது.

பாடம் தொடங்கியது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நாற்காலியில் அதிகாரி, ஸ்டூலில் நீட்டி வைத்த காலோடு. பக்கத்தில் தலைமை ஆசிரியை, குரல் இல்லாமல். ஜன்னலுக்கு வெளியே கணக்கு ஆசிரியர், கையில் அளவு நாடாவோடு. நாடாவைக் கண்டதும் ஷாக் சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் கவனிங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் அதிகாரியின் கால் ஸ்டூலிலிருந்து நழுவியது. "ஒவ்வொரு அணுவுக்கும் நடுவுல கரு. அதைச் சுத்தி வட்டம் வட்டமா எலக்ட்ரான். உள் வட்டத்துல இருக்கறதெல்லாம் வீட்டை விட்டு நகராது. கடைசி வட்டத்துல இருக்கு பாருங்க, அதுக்குப் பேர்தான் வேலன்ஸ் எலக்ட்ரான். செம்புக்கு அந்த வட்டத்துல ஒண்ணே ஒண்ணு. அதையும் கரு இறுக்கிப் பிடிக்கறதில்ல. லேசா தள்ளினா போதும், பக்கத்து அணுவுக்குப் போயிடும். அப்படிப் போறதுதான் மின்சாரம். இப்ப கண்ணால பாருங்க."

செம்புத் தகட்டை வைத்தார். எரியவில்லை.

முன்பெஞ்சில் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா மூக்கைப் பிடிக்கற? நான் குளிச்சுட்டுதான் வந்திருக்கேன்!"

"இல்ல சார், ஏதோ வாசனை..."

"என் மூக்கு மூணு நாளா அடைச்சிருக்கு. உன் வாயும் அடைச்சா நல்லா இருக்கும்."

ஆணியை வைத்தார். அலுமினியக் கம்பியை வைத்தார். எரியவில்லை, எரியவில்லை. அழிரப்பரை வைத்தார். எரியவில்லை.

"அழிரப்பர் சரியா வேலை செய்யுது சார்" என்று பின்னால் இருந்து ஒரு குரல். வகுப்பு சிரிப்பை விழுங்கியது.

மூக்கைப் பொத்திய பெண் கையைத் தூக்கினாள். "சார், அந்தப் பலகை வேணாம். பல்பையும் செல்லையும் தனியா எடுத்து, ரெண்டு துண்டு ஒயரை வச்சு..."

"பலகை வேணாமா? பதினோரு வருஷமா எரியுது இந்தப் பலகை! நீ பால்வாடி போறப்பவே இது எரிஞ்சிட்டிருந்தது! உக்காரு. இந்த ஒயரைப் பிடி. இன்னும் கொஞ்சம் உரிச்சுக் குடு. மேல தோல் இருந்தா கரண்ட் எப்படிப் போகும்? கடத்தாத பொருள் ஒரு நூல் கனம் குறுக்கே இருந்தாலும் போதும், ஒரு எலக்ட்ரான் தாண்டாது. பரீட்சைக்கு வரும், எழுதிக்கோங்க!"

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே கணக்கு ஆசிரியர் நாடாவைச் சுவரில் நீட்டி ஏதோ குறித்துக்கொண்டார். சோபா நீளம்! ஷாக் சாரின் காது மடல்கள் சிவந்தன. பலகையை ஒரே தள்ளாக மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"எரியாது போ! நீ எரியலேன்னா பாடம் நடக்காதுன்னு நினைச்சியா? எந்திரிங்க எல்லாரும்! பெஞ்சை ஓரம் கட்டுங்க!"

பெஞ்சுகள் கீறிச்சிட்டன. ஆறு பேரை இழுத்து வரிசையாக நிறுத்தினார். "நீ செம்பு. நீ செம்பு. நீயும் செம்பு, சிரிக்காதே, செம்பு சிரிக்காது." ஒவ்வொரு செம்புக்கும் பக்கத்தில் ஒருவரை நிறுத்தினார். "நீங்கல்லாம் கடைசி வட்டத்து எலக்ட்ரான். சுண்டு விரலை மட்டும் லேசா கோத்துக்கோங்க. இறுக்கிப் பிடிச்சீங்க, தொலைச்சுடுவேன்."

கைப்பந்துக் குழுவின் தலைவியை எல்லோரும் பாறை என்றுதான் கூப்பிடுவார்கள். அவளை வரிசையின் தொடக்கத்தில் நிறுத்தினார். "நீதான் பேட்டரி. ஒரு எலக்ட்ரானை உள்ள தள்ளு. உள்ள ஒண்ணு வந்தா, பக்கத்துல இருக்கறது நகரணும். அது நகர்ந்தா அடுத்தது நகரணும். தள்ளு!"

பாறைக்கு லேசாகத் தள்ளிப் பழக்கமில்லை. அவள் தள்ளிய எலக்ட்ரான் முதல் ஆளின்மேல் விழ, அவன் அடுத்தவன்மேல் விழ, கண் மூடித் திறப்பதற்குள் மறுமுனையில் இருந்த எலக்ட்ரான் வரிசையை விட்டுப் பறந்து, அதிகாரியின் அடிபட்ட காலில் போய் மோதியது.

"ஐயோ!" என்று அலறினார் அதிகாரி.

"சார்! பல்பு எரிஞ்சிருச்சு!" என்று அதிகாரியைக் காட்டிக் கத்தினாள் முன்பெஞ்சுப் பெண்.

தலைமை ஆசிரியை நெஞ்சில் கை வைத்தார். அதிகாரி காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால், சிரிக்கிறார்.

"ஆமா, எரிஞ்சிருச்சுதான்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முதல்ல தள்ளினது இங்க வரவே இல்ல. அங்க தள்ளினா, அதே நொடி இங்க ஒண்ணு வெளிய வருது. எனக்கே இத்தனை நாள் இது புரியல. சரி, பிளாஸ்டிக் எப்படி?"

"பிளாஸ்டிக்கா?" ஷாக் சாருக்குக் கோபம் குறையவில்லை, ஆனால் இப்போது அதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. "எலக்ட்ரானெல்லாம் ரெண்டு அணுவுக்கு நடுவுல நில்லுங்க. ரெண்டு பக்கமும் கையை இறுக்கிப் பிடிங்க. விட்டீங்க, வீட்டுக்கு லெட்டர் போடுவேன்! பாறை, தள்ளு!"

பாறை தள்ளினாள். மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். வரிசை அசையவில்லை. அதிகாரி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நொண்டியபடியே வந்து, தானும் சேர்ந்து தள்ளினார். ம்ஹூம்.

"அபாரம்!" என்றார் மூச்சு வாங்க.

அப்போதே மணி அடித்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். மணி அடிக்கவில்லை. இரும்பு நடந்தது, ரப்பர் நடந்தது, கண்ணாடி நடந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் நெளிவதுமாக இருந்தார். வகுப்பைப் பார்வையிடுபவர் மணி அடிக்கும்வரை எழுந்து போகக் கூடாது என்று போன மாதம் சுற்றறிக்கை விட்டவரே அவர்தான். தலைமை ஆசிரியை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்று வந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனபிறகு ஷாக் சாருக்கே பொருள்கள் தீர்ந்துபோயின. கதவைத் திறந்து தாழ்வாரத்தைப் பார்த்தார். மணிக்குக் கீழே ஸ்டூலில், கையில் கட்டையோடு, எதிரே தலைமை ஆசிரியை அறைக் கடிகாரத்தையே பார்த்தபடி அட்டெண்டர் உட்கார்ந்திருந்தார்.

"யோவ்! மணி அடிக்க மாட்டியா?"

"இன்னும் பதினொண்ணு ஆகல சார்."

"கடிகாரம் நின்னு போயிருக்குய்யா!"

"தெரியும் சார். ஆனா போன மாசம் ரெண்டு நிமிஷம் முந்தி அடிச்சதுக்கு என்ன சொன்னீங்க? முள்ளு பன்னெண்டுல வந்து நின்னாத்தான் கட்டையைத் தொடணும்னு சொன்னீங்க. நான் சொன்னதைச் செய்யறவன் சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டையைப் பிடுங்கி, மணியை அவரே அடித்தார்.

அதிகாரி பதிவேட்டை வாங்கி நின்றபடியே எழுதினார். எழுதும்போது முகமெல்லாம் பூரிப்பு.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்ல சார். உங்களை மாதிரி ஆளு எனக்கு ஊருக்கு ஒருத்தர் வேணும்."

ஷாக் சார் ஒரு எட்டு முன்னால் வந்தார். நாலு வருஷத்து மனுக்கள் கண் முன்னால் வந்தன. "அப்ப லேப் சார்...?"

"அதைத்தான் எழுதறேன். ஒரு சாமானும் இல்லாம, வெறும் பிள்ளைங்களை வச்சே இவ்வளவு பிரமாதமா நடத்தறீங்க. உங்களுக்கு எதுக்கு சார் லேப்? ஓய்வறையா மாத்திக்கட்டும்."

"சார்! எல்லாப் பாடத்துக்கும் பிள்ளைங்களை நிறுத்த முடியுமா? ஆசிட் பாடத்துக்கு யாரை நிறுத்தறது?"

"உங்களையே சார்" என்றது பின்னால் இருந்த அதே குரல்.

கையெழுத்து விழுந்தது. அதிகாரி நொண்டிக்கொண்டே போனார். கணக்கு ஆசிரியர் உள்ளே வந்து, நாடாவைக் குறுக்குவாட்டில் நீட்டினார். "வெளிய போய்யா!" என்று ஷாக் சார் போட்ட சத்தத்தில் நாடா தானாகவே சுருட்டிக்கொண்டது.

அறை காலியானது. அழுகையாக வந்திருக்க வேண்டியது அவருக்குக் கோபமாகத்தான் வந்தது. வேறு மாதிரி வர அதற்குத் தெரியாது. யார்மேல் காட்டுவது? பல்பா, ஒயரா, செல்லா, தன் தலையெழுத்தா?

"சார்" என்றாள் முன்பெஞ்சுப் பெண். அவள் இன்னும் போகவில்லை. பெட்டியிலிருந்து கழற்றிய இரண்டு செல்லை ஒன்றின் பின் ஒன்றாக வைத்து, மைக் ஒயரின் இரண்டு துண்டுகளால் டார்ச் பல்பைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

பல்பு ஜோராக எரிந்தது.

அவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். பல்பு சரி, ஒயர் சரி, செல் சரி. அப்படியானால் பலகை. காலையிலிருந்து முதல்முறையாக அதைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்தார். பித்தளைக் கிளிப்புகள் பளீரென்று மின்னின. திருகாணிகள் மின்னின. விரலால் தடவினார். வழுவழுவென்று இருந்தது.

"இதை யார் தொட்டது?" என்று கர்ஜித்தார். "எவன் கை வச்சான் என் பலகையில? இப்ப எனக்குத் தெரிஞ்சாகணும்!"

வாசலில் அட்டெண்டர் நின்றிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் முகத்திலும் கோபம் இருந்தது.

"மூணு நாள் சார்! முதுகு ஒடிய மூணு நாள். ஒரு வார்த்தை, நல்லா இருக்குன்னு சொன்னீங்களா? என் மச்சான் பெயிண்டர், துரு திரும்பி வரவே கூடாதுன்னா இதுதான் வழின்னு சொன்னான். ஆணி, தகடு, கம்பி, கிளிப்பு, செல் பெட்டிக்குள்ள இருக்கிற ஸ்பிரிங்கு வரைக்கும், நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணு விடாம ரெண்டு கோட்டு வார்னிஷ் அடிச்சிருக்கேன் சார்!"